மறுபடி என்று சொல்லாத ஊர்

காலையில் ஷிஃப்ட் மாறும்போது எங்கள் வார்டு சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, நோயாளியின் காதுபடவே நோயைச் சொல்வார். இவருடைய காய்ச்சல் இன்டர்மிட்டென்ட், விட்டுவிட்டு வருகிறது. அந்த அம்மாவின் வலி ரிக்கரென்ட், போனது திரும்பி வருகிறது. ஜன்னலோரத்துக் கிழவருக்கு க்ரானிக், வந்தது போகவே இல்லை. கிழவர் கேட்டுக்கொண்டே ரொட்டியில் வெண்ணெய் தடவுவார். இங்கிலாந்துக்கு நர்ஸாக வந்த புதிதில் நான் மெல்லப் பின்னால் நகர்ந்துகொள்வேன். ஒரு தொல்லை திரும்பி வருவதற்கு இத்தனை சொற்களா, அதையும் இப்படிச் சத்தமாகவா என்று.

எங்கள் மார்க்கையன்கோட்டையில் போன நோய் திரும்பினால் ‘மறுபடி’ என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அதை வாசலில் நின்று கூப்பிட்ட மாதிரி. எத்தனை தரம் வந்தாலும் அது முதல் தரம்தான். என் தம்பி பாண்டிக்கு வலிப்பு வரும். நாற்றங்காலில் விழுந்திருக்கிறான், சினிமாக் கொட்டகையில் விழுந்திருக்கிறான். தேனி டாக்டரிடம் அப்பா அவனைக் கூட்டிப்போனபோது நானும் உடன் போனேன்.

“இதுக்கு முன்னாடி வந்திருக்கா?” என்று கேட்டார் டாக்டர்.

“இல்லைங்கய்யா. இதேன் மொதத் தடவ.”

சத்து டானிக்கோடு வீடு திரும்பினோம். நர்ஸ் வேலைக்கு இங்கே வந்தபின், இதற்கு நல்ல மாத்திரை உண்டு, டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள் என்று அப்பாவுக்கு எழுதினேன். இங்கு அனைவரும் நலம் என்று பதில் வந்தது. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

போன குளிர்காலத்தில் என் மகள் மீனா கடையில் சுருண்டு விழுந்தாள். முந்தின மாதம் சாப்பாட்டு மேசையில் விழுந்தவள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார், இதற்கு முன்பு நடந்திருக்கிறதா என்று. வார்டில் நாள் தவறாமல் நான் சொல்கிற சொல் வெளியே வரவில்லை. வாயைத் திறந்தால் ‘ஃபர்ஸ்ட் டைம்’ என்றுதான் வரும்போலிருந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று டாக்டர் நினைத்துவிட்டார். சொல் சொல்லாக நிறுத்தி, கையை வேறு ஆட்டிக் கேட்டார். மீனா என் முகத்தையே பார்த்தாள்.

“ரிக்கரென்ட்,” என்றேன். பெற்ற பிள்ளைமேல் நானே அதை ஏவிவிட்டதுபோல் இருந்தது.

மாத்திரை கிடைத்தது, வலிப்பும் குறைந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் விஷயம் தெரிந்ததும் நீச்சல் வகுப்பு அவளுக்கு நின்றுபோனது. மற்றப் பிள்ளைகள் தண்ணீரில் கும்மாளமிட, இவள் கோட்டைக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கூட ஒருவர் நின்றால் போதாதா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். அன்பாகத்தான் பேசினார். அதற்கு ஆள் இல்லை என்றார்.

அப்போதுதான் எங்கள் ஊர் வாய்க்கால் ஞாபகம் வந்தது. பாண்டி குளிக்கத் துண்டை எடுத்தால் தெருவில் யாராவது எழுந்துகொள்வார்கள். “இருப்பா, அங்கன எனக்கும் ஒரு சோலி கெடக்கு,” என்பார்கள். போய், காலையில் குளிப்பாட்டின மாட்டையே இன்னொரு தரம் குளிப்பாட்டுவார்கள். அவன் கரையேறும்வரை அந்தச் சோலி முடியாது. ஏன் வந்தாய் என்று அவனும் கேட்டதில்லை. மறுபடி வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அப்பாமேல் உள்ள ஆத்திரத்தில் எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

இப்போது சனிக்கிழமை மதியம்தோறும் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு மீனாவை நகராட்சி நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போகிறேன். நீந்தத் தெரியாத நான், ஆழமில்லாத பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் அவளோடு நிற்கிறேன். நீந்தாமல் ஏன் நிற்கிறீர்கள் என்று காவலாளி கேட்டார். எனக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது என்றேன். துப்புரவு வேலை தேடி வந்தவள் என்று எடுத்துக்கொண்டார்போல, ஆபீஸ் மாடியில் என்று கைகாட்டினார். மீனா முங்கினாள். தலை வெளியே வரும்வரை நான் மூச்சு விடவில்லை. அந்நேரம் ஊரில் பொழுது சாய்ந்திருக்கும். மாத்திரை தின்னாத என் தம்பி வாய்க்காலில் இறங்கியிருப்பான். கரையில் யாராவது மாடு குளிப்பாட்டிக்கொண்டிருக்க வேண்டும்.