சிவப்பு அட்டை கட்டாத மோட்டார்

ஏனுங்க, உங்க மேலதிகாரியோட நாற்காலியைத் தூக்கி ஓரமாப் போட்டுட்டு, "இனிமே உங்களுக்கு நீங்களே மேலதிகாரி"ன்னு சொன்னா சந்தோசப்படுவீங்களா, பயப்படுவீங்களா? மோட்டார் கம்பெனியில வேலை செய்யற எங்களைக் கேட்டா, முதல் நாள் சந்தோசம், ரெண்டாம் நாள்ல இருந்து பயம்னுதான் சொல்லுவோம். உங்க கம்பெனியையும் யாராவது மாத்தி அமைச்சிட்டிருந்தா வாங்க, பக்கத்துல உக்காருங்க.

ஏணி போய் வட்டம் வந்தது

எங்க கம்பெனி போத்தனூர் பக்கம். போர்வெல் குழிக்குள்ள இறக்கற தண்ணி மோட்டார் செய்யறோம். முன்னெல்லாம் கம்பி சுத்த ஒரு பகுதி, பாகம் பூட்ட ஒரு பகுதி, சோதிக்க ஒரு பகுதி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சூப்பர்வைசர். படிச்சிட்டு வந்த சின்ன முதலாளி, வெள்ளைப் பலகையில இதையெல்லாம் ஏணி மாதிரி வரைஞ்சு, அழிச்சு, வட்டம் வட்டமாப் போட்டார். ஒரு வட்டம்னா ஒரு குழு, அஞ்சு பேர். கம்பி சுத்தறதுல இருந்து பெயிண்ட் அடிக்கற வரைக்கும் முழு மோட்டாரும் அந்த அஞ்சு பேர் பொறுப்பு. எங்க குழுவுல அஞ்சும் பொம்பளைங்க, மாசம் ஒருத்தர் தலைவி.

ஆறு மாசம் வெள்ளோட்டம். அதுக்குள்ள ஒரு குழுவோட மோட்டார் மூணு திரும்பி வந்தா, குழுவைக் கலைச்சு எல்லாரையும் பல்லடம் கிளைக்கு அனுப்பிருவாங்க. பல்லடம் போனா நான் ஊடு திரும்ப ராத்திரி எட்டாயிரும். ஒண்ணாவது படிக்கற என் மகளை ஸ்கூல் வேன் நாலரைக்கு முக்குல இறக்கி உட்டுட்டுப் போயிரும். கூட்டிக்க வேற ஆள் இல்லை. அதனால பல்லடம்னா எனக்கு வேலை போச்சுன்னு அர்த்தம்.

எங்க சூப்பர்வைசர் சாமியப்பண்ணனைப் 'பயிற்சியாளர்' ஆக்கிட்டாங்க. கேட்டாச் சொல்லலாம், ஏவக்கூடாது. அத்தனை வருசம் சத்தம் போட்ட மனுசன், கையைப் பின்னால கட்டிக்கிட்டு ரெண்டு நாள் சுத்தி வந்தார். மூணாம் நாள் என் மேசைகிட்ட வந்து நின்னார். "ஏதாச்சும் சந்தேகம் கேளு அம்மணி, வாய் நமநமங்குது."

குழுவுக்கு ஒரு போன்

அடுத்தது போன். மோட்டார் மேல எங்க குழுவோட நம்பரையே அச்சடிச்சுட்டாங்க. முன்னால புகார் எல்லாம் ஆபீசுக்குப் போகும், எங்களுக்குத் தெரியவே தெரியாது. இப்ப போன் அடிச்சா அஞ்சு பேருக்கும் கை நின்னுரும். ஏற்கெனவே ரெண்டு மோட்டார் திரும்பி வந்தாச்சு. அடிக்கறது மூணாவதா இருக்குமோ?

ஒரு நாள் டீ நேரத்துல ஒருத்தர் கூப்பிட்டு, மோட்டார் ஓடலைன்னார். நான் பேச ஆரம்பிச்சதும், "ஆம்பளை யாராச்சும் இருந்தாக் குடு அம்மணி"ன்னுட்டார். எங்க குழுவுல சோதனை பண்ணறது பர்வீன். போனைப் பிடுங்கி, "அண்ணா, அந்த மோட்டாரைச் செஞ்சதே நாங்கதானுங்க. மோட்டார் சுவிட்சுப் பெட்டியைத் திறங்க, மூணு லைட்டுல எத்தனை எரியுதுன்னு சொல்லுங்க"ன்னா. ரெண்டுதான் எரிஞ்சது. மூணு லைன்ல ஒண்ணு வரலீங்க, கரண்ட்டாபீசுக்குச் சொல்லுங்கன்னா. சாயங்காலம் அவரே திரும்பக் கூப்பிட்டார், மூணாவது இதுதான்னு நெனச்சோம். "அந்தப் புள்ளைகிட்டக் குடுங்க அம்மணி, பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் ஓடலீங்க, ஆனா அது வேற கம்பெனிங்க."

நங்கையாவும் நானும்

நான் தலைவியா இருந்த மாசத்துலதான் ஒரு தப்பு நடந்தது. எங்க குழுவுல கம்பி சுத்தறவங்க என் நங்கையா, அதாவது எங்க ஊட்டுக்காரருக்கு அக்கா. வேகத்துல அவங்களை மிஞ்ச ஆளில்லை. என்னை இந்த வேலையில சேத்து உட்டதே அவங்கதான். புது முறையில, சந்தேகமான மோட்டாருக்கு யார் வேணா சிவப்பு அட்டை கட்டலாம். கட்டினா மோட்டார் நிக்கும். செஞ்சவங்க பேர் சாயங்காலம் வரைக்கும் பலகையில தொங்கும்.

ஒரு நாள் ஒரு மோட்டார்ல, கேபிள் சேர்ற இடத்துல நங்கையா சுத்தின டேப்போட முனை லேசாத் தூக்கியிருந்தது. "மீட்டர்ல சரியாத்தான் காட்டுதுக்கா. ஆனா முனை சரியில்லை. அட்டை கட்டலாமா?"ன்னு பர்வீன் காதோடு கேட்டா. அட்டையைக் கையில எடுத்துட்டேன். ரெண்டு முழம் தள்ளி நங்கையா உக்காந்திருக்காங்க. வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க மகளுக்குச் சீரு. தாய்மாமன் ஊடுன்னு நாந்தான் முன்னால நின்னு சீர்த்தட்டு எடுக்கோணும். நாத்தனார் பேரைப் பலகையில தொங்க உட்டுட்டு எந்த மூஞ்சியோட போறது? அட்டையைப் பைக்குள்ளயே போட்டுக்கிட்டேன். நங்கையா திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க. "மோட்டாரை என்ன மாப்பிள்ளை பாக்கற மாதிரிப் பாத்துட்டு நிக்கற? ஏத்தி உடு கண்ணு!"

ஆனைமலைத் தோப்பு

ஒன்றரை மாசம் கழிச்சுப் போன் அடிச்சது. ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. மோட்டார் நம்பரை அவர் ஒவ்வொண்ணாப் படிக்கப் படிக்க நான் பதிவேட்டுல விரலை ஓட்டினேன். அந்த மோட்டாரேதான், எங்களுக்கு மூணாவது. புது முறையில சரி பண்ணவும் குழுவேதான் போகோணும். மாத்து மோட்டாரை ஏத்திக்கிட்டு நானும் சாமியப்பண்ணனும் வேன்ல போனோம்.

பழசை மேலே இழுத்துக் கழட்டினா, அதே டேப், அதே முனை. அது வழியாத் தண்ணி இறங்கி உள்ளே கருகிக் கெடக்குது. சாமியப்பண்ணன் மோந்து பார்த்துட்டுக் கையைப் பின்னால கட்டிக்கிட்டார். ஏவக்கூடாதில்லையா. புதுசா வெச்ச தென்னங்கன்னுக ஓலை தொங்கி நிக்குது. தோப்புக்காரர் ஒரு சத்தம் போட்டிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் ரெண்டு எளநியைச் சீவி நீட்டினார். "குடிங்கம்மணி, வெயில்ல வந்திருக்கீங்க. கன்னுகளுக்குத்தான் நாலு நாளாத் தண்ணி இல்லீங்க."

ஒரே ஒரு பேர்

திரும்பி வந்து படிவம் எழுதினேன். 'தவறு யாருடையது' அப்படின்னு ஒரு கோடு. என் பேரை எழுதினேன்.

சின்ன முதலாளி படிச்சுட்டு, "டேப் சுத்தினது நீங்க இல்லையே?"ன்னார்.

"பாத்தது நாந்தானுங்க."

"அப்புறம் ஏன் அட்டை கட்டலை?"

"எங்க ஊட்டுக்காரருக்கு அக்காங்க."

பின்னால கதவு தொறந்தது. நங்கையா. கூப்பிடாமலே வந்து நின்னாங்க. "சுத்துனது நானுங்க. இவ கட்டியிருந்தா ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பேன், அவ்வளவுதான். இப்ப அவ புள்ளை முக்குல தனியா நிக்கப்போகுது"ன்னாங்க. சின்ன முதலாளி குழுவை உடனே கலைக்கலை. இன்னும் ஒரே ஒரு மாசம் பாக்கலாம், அதுக்கும் நான்தான் தலைவி, இன்னொரு மோட்டார் திரும்பி வந்தாப் பேச்சே இல்லைன்னார். நாங்க கிளம்பும்போது பலகையைக் காட்டி, "இந்த வட்டத்துல சொந்தபந்தத்தை எந்த இடத்துலம்மா வரையறது?"ன்னு நெசமாவே கேட்டார்.

சொன்ன மாதிரியே ரெண்டு நாள் நங்கையா எங்கூடப் பேசலை. அத்தனை பலகையும் வட்டமும் போட்டுச் சொல்லிக் குடுக்க முடியாத புது நிர்வாக முறை எங்க குழுவுக்கு வந்து சேர்ந்தது மூணாம் நாள் காலையிலதான், நங்கையா அப்பத்தான் சுத்தி முடிச்ச மோட்டாரை என் பக்கமாத் தள்ளி, எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொன்னப்போ: "எனக்கே சந்தேகமா இருக்குது, இதுக்கு ஒரு அட்டை கட்டிப்போடு கண்ணு."