பின்பக்கம் திறந்த பொனட்

எண்பதுகளின் தொடக்கத்தில் ராகலைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், நான் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தேன். தோட்டத்து மேனேஜரான எங்கள் பெரிய துரையிடம் ஒரு பழைய அமெரிக்கக் கார் இருந்தது. எட்டு சிலிண்டர்; பொனட்டின் மேல் முன்னோக்கித் திறந்த காற்று வாய். கார்பரேட்டரைக் கழற்றிவிட்டு ஃபியூல் இன்ஜெக்ஷன் பூட்டக் கொழும்பிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். புதிய சாமான் உயரம், பொனட்டில் இடித்தது. காற்று வாயை உயர்த்தி ஒட்டும் தகர வேலை மட்டும் என் தலையில் விழுந்தது.

மெக்கானிக் கீறிக் கொடுத்த படத்தின்படியே செய்தேன். நுவரெலியா ஏற்றத்தில் மூடுபனியும் தூறலும் நேராக அந்த வாய்க்குள் போய், காற்று வடிகட்டும் காகிதம் ஊறி, கார் நடுவழியில் மூச்சு முட்டி நின்றது. படம் அவருடையது, பழி எனக்கு. தோட்டத்து ஆளிடம் வேலை கொடுத்தால் இப்படித்தான் என்று என் முன்னாலேயே துரையிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மழைக்காலத்தில் கொழுந்து வாட்டும் மாடியில் சாரலடிக்கும் பக்கத்து ஜன்னலை யாராவது திறந்து வைப்பார்களா? அதைச் சாத்திவிட்டு மறுபக்கத்திலிருந்துதான் காற்றை இழுப்போம். இன்னொன்றும் பார்த்திருந்தேன். கார் ஓடி வந்து நிற்கும்போதெல்லாம் முன் கண்ணாடியின் அடியில் சருகு குவிந்து கிடக்கும். காற்று அங்கே முட்டி நிற்கிறது என்றுதானே அர்த்தம்? வாய் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

சொன்னேன். காருக்கு முதுகில் மூக்கு வைக்கப் போகிறானாம் என்று மெக்கானிக் சிரித்தார். துரை சிரிக்கவில்லை.

"வெட்டு. இந்த நாட்டுல இதுக்கு வேற பொனட் கெடையாது. கெட்டுச்சுன்னா செக்ரோல்ல ஒன் பேரும் கெடையாது."

செக்ரோல் என்கிற ஆள் பதிவில் பேர் போனால் வேலையோடு தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போகும். மனைவியிடம் மூச்சு விடவில்லை. முன்வாயைத் தகடு வைத்து அடைத்துப் பின்பக்கத்தை வெட்டினேன்.

நல்ல தூறலாகப் பார்த்து ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். தொழிலாளி துரையின் காரில் ஏறினால் பின் சீட்டுதான், அதுவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. எங்கள் தோட்டத்தின் எழுதாத சட்டம் அது. இன்ஜின் சத்தம் முன்னால் இருந்தால்தான் கேட்கும் என்று சொல்லி, செருப்புக் காலோடு முன்னால் ஏறினேன். மெக்கானிக் பின் சீட்டுக்குப் போனார். அதே ஏற்றம், அதே மூடுபனி. கார் ஒரு இருமல்கூட இருமவில்லை.

திரும்பும்போது தோட்டத்து வளைவில் துரை காரை நிறுத்தி, இங்கேயே இறங்கி நடந்து போ என்றார். ஏனென்று எனக்குத் தெரியும். அடுத்த மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்; நான் முன் சீட்டில் இருப்பது அவர்கள் கண்ணில் படக் கூடாது.

"லயத்து வாசல்ல எறக்கி விடுங்க. மழ பேயுதுல்ல" என்றேன்.

துரை கியர் போட்டு லயத்துப் பக்கம் காரை விட்டார்.

துரையின் காருக்குச் சலாம் வைக்க வந்த கங்காணி, என்னைக் கண்டு கையைப் பாதியில் நிறுத்தினார். பெண்கள் கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்கள், நடுவில் என் மனைவியும். நான் கண்ணாடியை இறக்கி, மழையில் நனையட்டும் என்று கையை வெளியே போட்டுக்கொண்டேன்.