தொட்டிக்குள் போன சாம்பிராணிப் புகை

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஜோடி கீஹோல் சிக்லிட் மீன்களை வளர்க்கிறோம். தென் அமெரிக்க ஆறுகளின் மீன் இது. உடம்பில் சாவித்துவாரம் போல ஒரு கறுப்பு அடையாளம் இருக்கும். ரொம்பச் சாது. போன மாதம் முதல்முறையாக ஒரு கல்லின் மேல் முட்டையிட்டன. இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொடுப்பதைப் பார்த்தபடியே என் மாலைகள் கரைந்தன.

அந்த வெள்ளிக்கிழமை வீடெங்கும் சாம்பிராணி காட்டிவிட்டு, தூபக்காலைத் தொட்டியின் பக்கத்தில் வைத்தேன். வெண்புகை கண்ணாடியைத் தழுவிப் போனது. மீன்கள் மேகத்துக்குள் நீந்துவது போலிருந்தது. சொக்கிப்போய் நின்றேன்.

சற்று நேரத்தில் ஆண் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பெண் மீனோ முட்டைகளை விட்டு நகராமல் ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"ஏங்க, இங்க வாங்க! மீனு சாஞ்சிக்கினு போவுது!" என்று கத்தினேன்.

ஓடிவந்த கணவர், "ஐயோ, காத்து பம்பு பொகைய இழுத்து தண்ணிக்குள்ள உட்டுக்கினு இருக்குது. ஜல்தி நிறுத்து!" என்றார்.

பம்பை நிறுத்தி, தூபக்காலை வெளியே வைத்து, ஜன்னல்களைத் திறந்தேன். முந்தின நாள் பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றி, அவர் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினார். பெண் மீன் மெல்ல நிமிர்ந்து, மறுபடி முட்டைகளுக்கு விசிறத் தொடங்கியபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

குஞ்சுகள் பொரிந்து, இப்போது தூசிக்கூட்டம் போலத் தாயைச் சுற்றி மிதக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் பூஜையறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாம்பிராணி போடுகிறேன். ஹாலில் கொசுவர்த்திகூடக் கொளுத்துவதில்லை.