வேலை தேடிய புத்தகம்

அன்று ஜொப் சென்ரரில், அரசாங்கத்தின் வேலைவாய்ப்புக் கந்தோரில், இருந்தவர்கள்: அப்பா. நான், ஒன்பது வயது. தம்பி, நாலு வயது, மேசைக்குக் கீழே. தங்கச்சி, ஒன்றரை வயது, தள்ளுவண்டியில். மேசைக்கு அந்தப்பக்கம், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அம்மா இல்லை. அவர் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் கட்டில் விரித்துக்கொண்டிருந்தார்.

இடம் ஹவுன்ஸ்லோ. பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. அதனால்தான் நானும் போனேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் என்றால் நான்தான்.

அப்பா விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் கம்பனியில் வேலை செய்தவர். அந்த வருடம் ஆட்களைக் குறைத்தார்கள். கடிதம் வந்தது. என்னிடம் வாசிக்கத் தந்தார். வாசித்தேன். "சரி, மடிச்சு வை" என்றார். அவ்வளவுதான்.

பெனிபிட்டுக்கு, வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் காசுக்கு, எழுதிக் கொடுத்தபோது அந்தப் பெண்மணி ஒரு சின்னப் புத்தகம் தந்தார். வேலை தேடி எங்கே போனீர்கள், யாரோடு பேசினீர்கள் என்று அதில் எழுத வேண்டும். இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளுக்கு, ஒருதரம் கொண்டுவந்து காட்டிக் கையெழுத்து வைக்க வேண்டும். வேலை தேடவில்லை என்று கண்டால் காசு நின்றுபோகும். அம்மா அரைநாள்தான் வேலை செய்தார். அந்தச் சம்பளம் வாடகைக்கே பற்றாது.

"புத்தகத்தை வெறுமையாக் கொண்டுபோய் நீட்டாதேங்கோ" என்றார் அம்மா.

"பிள்ளை எழுதுவாள்" என்றார் அப்பா. என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "பொய் எழுதாதை. நடந்ததை நடந்தபடி எழுது."

நடந்தபடி எழுதினேன்.

அம்மா வேலைக்குப் போனதும் நாங்கள் நாலு பேரும் வெளிக்கிடுவோம். எங்கள் ஆட்களின் கடைகள்தான். மீன் கடை, மரக்கறிக் கடை, அரிசிக் கடை. ஒவ்வொரு கடை வாசலிலும் அப்பா வண்டியை நிறுத்துவார். குந்தி இருந்து, தங்கச்சியின் தொப்பி நாடாவை அவிழ்த்துத் திருப்பிக் கட்டுவார். எழும்புவார். ஒருக்கால் செருமுவார். பிறகுதான் உள்ளே போவோம்.

மீன் கடைக்காரர் சத்தமாகக் கதைப்பவர். "வாங்கோ அண்ணை! எங்க, பிள்ளையளோட ஊர்வலமோ?"

"ஓம், சும்மா காத்து வாங்க."

"இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையோ?"

"லீவு" என்றார் அப்பா.

பிறகு மன்னாரில் எந்த இடம், எந்தக் கோயில், யாருடைய மருமகன் என்று அரை மணித்தியாலம் போனது. அரைக் கிலோ சூடை மீன் வாங்கினோம். தம்பிக்கு ஒரு லொலிபொப் கிடைத்தது. வெளியே வந்தோம்.

"அப்பா, நீங்கள் வேலை கேக்கேல்லையே" என்றேன்.

"எடுத்த உடன கேக்கிறதே? அந்தாள் என்ன நினைக்கும்?"

மரக்கறிக் கடையிலும் லீவு. அரிசிக் கடையில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். நாங்கள் போன நேரம் லொறி வந்து நின்றது. கடைக்காரர் தனி ஆள். அப்பா சட்டைக் கையை மடித்தார். மூட்டை முழுவதையும் இறக்கிக் கொடுத்தார். கடைக்காரர் காசு நீட்டினார். "விடும் தம்பி, நான் சும்மாதானே நிக்கிறன்" என்று அப்பா வாங்கவில்லை. தம்பிக்கு இரண்டு லொலிபொப்.

எனக்கு அந்தக் கோடை நல்லாகவே போனது. வேலை தேடுவது இவ்வளவு சந்தோசமான காரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டு கிழமை முடிந்து, முதலில் சொன்ன அந்த மேசைக்கு முன்னால் வந்து இருந்தோம். பெண்மணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை வாசித்தார். மெதுவாக வாசித்தார். ஒரு பக்கம் திருப்பிவிட்டு, திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தார்.

அப்பா லீவில் நிற்பதாகவா சொன்னார் என்று கேட்டார். ஓம் என்றேன். லீவில் நிற்பவருக்கு இந்தக் காசு கொடுக்க ஏலாது, தெரியுமா என்றார். அதைத் தமிழில் சொன்னேன்.

"இந்தக் கடைகளில் ஒன்றிலாவது வேலை கேட்டாரா?" என்றார் பெண்மணி.

அப்பா யோசித்தார். "கேட்டால் அவையள் இல்லை எண்டு சொல்ல வேண்டி வரும். பிறகு அவையளுக்குத்தான் சங்கடம் எண்டு சொல்லு."

சொன்னேன். பெண்மணி பேனையைக் கீழே வைத்தார். கேட்காவிட்டால் இவருக்கு வேலை வேண்டும் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"காலமை பதினொரு மணிக்கு, ஒரு ஆம்பிளை மூண்டு பிள்ளையளோட கடைக்கு வந்து நிண்டால் தெரியாதே?" என்றார் அப்பா.

இதை நான் இங்கிலீஷில் சொல்லி முடிக்கும்போது, தம்பி மேசைக்குக் கீழிருந்து வெளியே வந்தான். கையில் ஒரு சப்பாத்து. "இது ஆற்ற?" என்றான்.

அது அந்தப் பெண்மணியுடையது. மேசைக்குக் கீழே கழற்றி விட்டிருக்கிறார். அப்பா தலையைக் குனிந்துவிட்டார். எல்லாம் போச்சு என்று நானும் நினைத்தேன். பெண்மணி சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரும் எட்டிப் பார்த்தார். அப்பாவும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்மணி புத்தகத்தை ஒருக்கால் பார்த்தார். இந்தத் தொப்பி என்ன, ஒவ்வொரு கடையிலும் வருகிறதே என்றார்.

"அந்த நாடா சரியில்லை. கடை வாசலில் எப்போதும் அவிழ்ந்துவிடும்" என்றேன்.

அவர் எட்டித் தங்கச்சியின் தொப்பியைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பேனையை எடுத்து, ஒவ்வொரு கடைக்கும் நேரே, முதலாளியுடன் பேசினார் என்று தன் கையாலேயே எழுதினார். அப்பாவின் முன்னால் தாளை வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். இனி லீவு என்று சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னார்.

"யெஸ், யெஸ்" என்றார் அப்பா. மொழிபெயர்க்க முதலே.

காசு நிற்கவில்லை. அப்பா தொடர்ந்து போனார். லீவு என்று சொல்லவில்லை. வேலை கேட்கவும் இல்லை.

ஆறாவது கிழமை, பள்ளிக்கூடம் தொடங்க இரண்டு நாள் இருக்க, அரிசிக் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். ரீ குடித்தார். மழையைப் பற்றிக் கதைத்தார். எழும்பிச் சப்பாத்துப் போடும்போது, "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. எனக்கு ஒரு உதவி வேணும். கடையில ஆள் காணாது. பின்நேரத்தில உங்களுக்கு நேரம் இருந்தால்…" என்று இழுத்தார்.

"பாப்பம்" என்றார் அப்பா.

அடுத்த நாள், அம்மா வேலையால் வந்து வாசலில் கால் வைத்ததும், அப்பா வெளிக்கிட்டுப் போனார். அவசரத்தில் குடையை மறந்துவிட்டார்.

புத்தகம் என்னிடம் இருக்கிறது. ஒரு மூலையில் தங்கச்சியின் பல் அடையாளம். அவளுக்கு இப்போது ஒரு மகள். போன மாதம் வெளியே போகும்போது அதே தொப்பியை அந்தப் பிள்ளைக்கு நான்தான் கட்டினேன். நல்ல நாடா. ஒருதரம் கட்டினால் வீடு வரும்வரை அவிழாது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். அப்பா தொப்பி கட்டினார் என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

முப்பத்தொன்று.