கம்பளிப் பந்துக்கு நான் சொன்ன சாட்சி

வாஷிங் மெஷின் மெக்கானிக்கை யாரும் அபிப்பிராயம் கேட்கக் கூப்பிடுவதில்லை. தாங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்ட ஒன்றை நல்லது என்று சொல்ல வைக்கத்தான் கூப்பிடுகிறார்கள். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை, அந்தப் பக்கம் பொழியூர் கடற்கரை, இந்தப் பக்கம் பெருங்கடவிளை ரப்பர்க்காடு என்று இருபத்திரண்டு வருஷமாக பைக்கில் சுற்றுகிறேன். ஜூன் மாசத்து எடவப்பாதி மழையில் ஈர பனியனை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பி, மத்தியானம் வரை உடம்புச் சூட்டிலேயே அதைக் காயவைத்த அனுபவம் உள்ளவர்கள் மேலே படிக்கலாம். மற்றவர்களுக்கு இந்தத் துக்கம் புரியாது.

மூன்று மழைக்காலமாக இந்தப் பக்கத்து வீடுகளில் டிரையர் நுழைந்திருக்கிறது. துணியைச் சூட்டுக்காற்றில் உருட்டி உருட்டிக் காயவைக்கும் பெட்டி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பந்தும் வந்தது. ஆரஞ்சுப் பழம் அளவில் கம்பளி உருண்டை, பாக்கெட்டுக்கு ஆறு. துணியோடு உள்ளே போட்டால் சீக்கிரம் காயுமாம், மெத்தென்று ஆகுமாம், சுருக்கமே விழாதாம். எந்த வீட்டுக்குப் போனாலும் ஸ்க்ரூ டிரைவரை வெளியே எடுக்கும் முன்பு கேள்வி வந்துவிடும்: பந்து வாங்கலாமா?

எனக்கு இங்கே பெரிய சொத்து பத்து எதுவும் கிடையாது. ஜஸ்டின் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பெயர் ஒன்று உண்டு. 'உண்டு' என்பதை இப்போது 'இருந்தது' என்று திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு கட்டன் சாயா நேரம்

தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லக் கூடாது என்று நானே சோதித்துப் பார்த்தேன். எனக்கு வேலை தரும் நெய்யாற்றின்கரைக் கடையில் ஓட்டிக் காட்டுவதற்கென்று ஒரு டிரையர் வைத்திருக்கிறார்கள். ஒரே மாதிரி டவல்கள், ஒரே அளவு ஈரம். ஒரு தடவை பந்து இல்லாமல், ஒரு தடவை ஆறு பந்தோடு. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மிச்சமான நேரத்தில் பால் விடாத ஒரு கட்டன் சாயாகூட ஆறக் குடிக்க முடியாது. பெரிய போர்வை சுருண்டு பந்தாகக் கிடந்தால் கொஞ்சம் பிரித்துவிடுகிறது, அது நிஜம். மெத்தென்று ஆவது நம் மனசில்தான். துணிகள் ஒன்றோடொன்று மின்சாரத்தில் ஒட்டிக்கொள்ளாது என்று அட்டையில் போட்டிருக்கிறது. அது குளிர்நாட்டுக்காரர்களின் கஷ்டம். நமக்குத் துணி ஒட்டுவது வேர்வையில்.

இதையெல்லாம் கடையில் விற்பனை பார்க்கும் பிஜுவிடம் விவரமாகச் சொன்னேன். வாங்குகிறவர்களிடமும் இப்படியே சொல்லிவிடு, வேண்டுமென்றால் வாங்கட்டும் என்றேன். அவன் பந்துப் பாக்கெட்டுகளை கண்ணாடி அலமாரியில் அடுக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

"அண்ணா, உள்ள சத்தியத்தச் சொல்லி யாராவது எதெங்கிலும் வித்திட்டுண்டா?"

உப்பு

பொழியூரில் கடலுக்கு இரண்டாவது வரிசை வீடு. முதல் வரிசையைக் கடல் கொண்டுபோய்விட்டதால் இப்போது இதுதான் முதல் வரிசை. வீட்டுக்காரி மேரியின் புருஷனும் கொழுந்தனும் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள். டிரையரிலிருந்து எடுக்கும்போது மொறுமொறு என்று இருக்கும் துணி, மடித்து வைத்தால் சாயங்காலத்துக்குள் பிசுபிசுக்கிறது. ஆறு பந்து போட்டும் அப்படித்தான், இன்னும் ஆறு வாங்கலாமா என்று கேட்டாள்.

சட்டையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, உப்பு. உப்பு இருக்கும்வரை துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பந்து அறுபது போட்டாலும் நிற்காது, நல்ல தண்ணியில் இன்னும் ஒரு தடவை அலசினால் போதும் என்று சொன்னேன். இவ்வளவு எளிதான தீர்வைச் சொன்ன சந்தோஷத்தில் பையை மூடிக்கொண்டிருந்தேன். மேரி என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த குடங்களைக் காட்டினாள்.

"பந்துன்னா போன்ல வெரல வச்சு ஒரு அமர்த்து அமர்த்தினா வாசல்ல கொண்டு வந்து தருவான். தண்ணிய அதுபோல வரவச்சுத் தாங்க சேட்டா, பந்த நான் இப்பமே கடல்ல எறியுதேன்."

நாலு சொட்டு

திருப்புறத்தில் சுகுமாரன் சார் வீட்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். சார் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மறுநாள் மச்சினன் மகளுக்குக் கல்யாணம். அதற்காக வைத்திருந்த ஜரிகைக்கரை கசவு வேட்டி டிரையரிலிருந்து வெளியே வந்தபோது முழுக்க வட்ட வட்டமாகப் பச்சை. பந்தில் நாலு சொட்டு எண்ணெய் விட்டால் துணி மணக்கும் என்று வீடியோவில் சொன்னானாம். சாரின் மனைவி, தலைக்குத் தேய்க்க கறிவேப்பிலையும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சி வைத்திருந்த எண்ணெயை ஒவ்வொரு பந்துக்கும் தாராளமாக விட்டிருக்கிறார். வேட்டி மணக்கத்தான் செய்தது.

எனக்கு வேட்டி பெரிதாகத் தெரியவில்லை. டிரம்முக்குள் கருகல் வாடை அடித்தது. எண்ணெய்த் துணி சூட்டில் கிடந்தால் தீப்பிடிக்கும், வீடே போயிருக்கும், எந்த எண்ணெயும் கூடாது என்று அரைமணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். சார் குறுக்கே பேசாமல் தலையாட்டிக் கேட்டார். இந்த வட்டாரத்தில் என் பேச்சை முழுசாகக் கேட்ட ஒரே மனுஷன் என்று நினைத்தேன். முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நீரு சொல்லுதது எல்லாம் சரியாக்கும். ஆனா எந்த எண்ணெய்ன்னு அவன் வீடியோல தெளிவா சொல்லேல்ல பாத்தீரா, அது அவன் தப்பில்லியா?"

பழைய லுங்கி

இனி என் பெயர் போன கதை. பெருங்கடவிளையில் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய வீடு, லில்லிபாய் அக்காவுடையது. எங்கள் சர்ச் சபைதான். அவர் புருஷன் பஸ் கண்டக்டராக இருந்தவர், பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகப் படுக்கை. ஒரு நாளைக்கு மூன்று விரிப்பு மாற்ற வேண்டும். ஒரே மகள் ஷைனி இங்கிலாந்தில் நர்ஸ். லீவில் வந்தபோது டிரையர் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். வெயில் இருந்தவரை அக்கா அதைத் தொடவில்லை. மழை பிடித்ததும் போட்டால் விரிப்பு காயவில்லை. மகளிடம் சொன்னார். மகள் அங்கிருந்தே ஆர்டர் போட்டு ஆறு பந்து அனுப்பினாள். பந்து போட்டும் காயவில்லை. பாதி ஈரத்தில் இஸ்திரி போட்டு விரித்துக்கொண்டிருந்தார். அவர் புருஷனின் முதுகில் புண் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

டிரையரிலிருந்து சூட்டுக்காற்றும் ஈரமும் வெளியே போக சுவர் வழியாக ஒரு குழாய் உண்டு. அது அடைத்தால் ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். நான் வீட்டின் பின்பக்கம் போய்க் குழாய்க்குள் கைவிட்டேன். ஒரு பழைய லுங்கி, சுருட்டித் திணித்திருந்தது. உதறியதும் கருவண்டுகள் கொட்டின. கோடையில் முதல் மழைக்கு ரப்பர்க்காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, விளக்கைப் பார்த்து வீட்டுக்குள் வந்து, கூரையில் அடையுமே, அந்த வண்டு. அது வராமலிருக்க ஜன்னல் இடுக்கு, ஓட்டை எல்லாவற்றையும் நாங்கள் துணி வைத்து அடைப்போம். என் வீட்டிலும் அதே பழக்கம்தான். அக்கா இதையும் ஒரு ஓட்டை என்று நினைத்து அடைத்திருக்கிறார், பிறகு மறந்துவிட்டார்.

லுங்கியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்து மெஷினை ஓடவிட்டேன். விரிப்பு நன்றாகக் காய்ந்து, சூடாக வெளியே வந்தது. அக்கா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என் கையிலிருந்த லுங்கியைப் பார்த்தார். புண்ணுக்குக் காரணம் தன் கைதான் என்பது அவர் முகத்தில் தெரிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் போன் அடித்தது. வீடியோவில் ஷைனி. ஆஸ்பத்திரி உடுப்பில், எங்கேயோ படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா போனை என் பக்கம் திருப்பினார்.

"அண்ணே, அப்பாக்க விரிப்பு காயுதா? நான் அனுப்பின பந்து பிரயோஜனம் உண்டா? எனக்கு லீவு தரமாட்டங்காங்க, அதாக்கும் அத அனுப்பினேன்" என்றாள். நான் லுங்கியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். பந்தால் ஒன்றுமில்லை என்றால் அவள் அனுப்பியது வீண். குழாய் என்றால் அவள் அம்மா குற்றவாளி. உண்மை சொல்ல எனக்கு இருந்த இடம் அவ்வளவுதான். "உண்டு மோளே, பந்துதான். நல்லா காயுது, பாத்துக்க" என்று விரிப்பைக் காட்டினேன். அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. பிறகு குழாய் வாயில் வலையடித்து, இனி எதையும் அடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அக்கா வாசல் வரை வந்தார்.

"மக்கா, அந்த லுங்கிய நீ எடுத்துட்டுப் போ. எனக்கு இனி அதக் காணண்டாம்."

சிபாரிசு

ஷைனி சந்தோஷத்தில் சபை வாட்சப் குழுவில் எழுதிவிட்டாள்: பந்துதான் காரணம், ஜஸ்டின் அண்ணனே நேரில் பார்த்துச் சொன்னார் என்று. அங்கிருந்து அது பாறசாலைக்கு வந்தது, பொழியூருக்குப் போனது. மேரி போனில் கூப்பிட்டு, சேட்டா எனக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்றீர்கள், நாங்கள் கடல்காரர்கள் என்பதாலா என்று கேட்டு வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் சொன்ன உண்மை எதுவும் பக்கத்துத் தெருவைத் தாண்டியதில்லை. இந்த ஒன்று ஒரே வாரத்தில் கடல்வரை போய்விட்டது. கடையில் அட்டைப்பெட்டிமேல் மார்க்கரால் 'மெக்கானிக் சிபாரிசு' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். கிழிக்கப் போனேன். பிஜு கையைப் பிடித்துக்கொண்டான்.

"இப்பமாக்கும் அண்ணா நீங்க தொழில் படிச்சது."

சொந்த வீடு

என் மனைவி பிரீதா போன மழைக்காலமே எங்கள் வீட்டு டிரையருக்குப் பந்து வேண்டும் என்று கேட்டிருந்தாள். சும்மா வேலை, ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நான் சொன்னதும் விட்டுவிட்டாள். என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்கிற ஒரே ஆள் அவள்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஆறு பந்து. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் லுங்கியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிரீதா நல்லவள்தான், ஆனால் அவளும் லில்லிபாய் அக்காவும் சபையின் ஒரே பெண்கள் ஐக்கியத்தில் இருக்கிறார்கள். ஒருத்தி காதுக்குப் போனால் எல்லார் காதுக்கும் போகும், கடைசியில் ஷைனி காதுக்கும் போகும். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய் நனைந்த யூனிபார்மைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

அவள் திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். பாக்கெட்டை என் பக்கம் மெதுவாக நகர்த்திவிட்டுச் சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் ஒண்ணு சொல்லுவீய, எனக்கு ஒண்ணு சொல்லுவீயன்னு நான் நெனைக்கவே இல்ல."

பந்து வீட்டுத் துணிக்குப் பயன்படுமா என்று இன்னமும் கேட்கிறவர்களுக்கு என் முடிவான பதில்: துணி காயப் பயன்படாது, துணி காய்ந்துவிட்டது என்று தூரத்திலிருக்கும் பிள்ளையிடம் சொல்ல நன்றாகப் பயன்படும்.