கமலா அறுத்து வந்த பாவு

“டீச்சர், எங்க கமலா இங்கதான இருக்குது?” என்று அவள் அம்மா முகாம் வாசலில் வந்து நின்றாள். மதியத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளையை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. சபையாரே, இதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. கர்த்தர் செய்ததை மறைப்பது அதைவிட வெட்கம்.

1983 மே மாதம், ஆரணியில் எங்கள் சபை நடத்திய சிறுவர் முகாம். தம்பி ஆபேலின் காணிக்கையை ஏற்றுக்கொண்ட கர்த்தர் அண்ணன் காயீனுடையதை ஏற்காத பாடம் என்னுடையது. மறுநாள் கைவேலைக்கு, அட்டையில் கலர் நூல் சுற்றிச் சிலுவை செய்ய வேண்டும். பிள்ளைகளில் பாதிப்பேர் தறிக்காரர் வீடு. கழிவு நூல் கொண்டுவரச் சொல்லியிருந்தால் தீர்ந்தது. பாடம் உருக்கமாகப் போனதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “ஆண்டவருக்கு மிச்சம் மீதி ஆகாது. வீட்ல இருக்கறதுலயே நல்ல நூலா எடுத்துகினு வாங்க. காயீன் மாதிரி கொண்டாந்தா அவரு திரும்பிக்கூட பாக்க மாட்டாரு” என்றேன். என் வாய்க்கு என்றைக்குத்தான் பூட்டு இருந்தது?

மறுநாள் எல்லாரும் சிக்கும் சிடுக்குமாகக் கொண்டு வந்தார்கள். கமலா மட்டும் அரக்குச் சிவப்பில் ஒரு பிடி பட்டிழை கொண்டு வந்தாள். “இதுதான் ஆபேலின் காணிக்கை” என்று முன்னால் நிறுத்திக் கைதட்ட வைத்தேன். ஏது என்று கேட்கவில்லை.

அது கல்யாணப் புடவைக்காகத் தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவிலிருந்து அறுத்தது. பெரணமல்லூர் போயிருந்த அவள் அப்பா மதியம் திரும்பி, தறியைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். “புள்ள சோத்துக்கு வந்துகினு இருந்துது டீச்சர். அவரு சத்தத்த கேட்டுட்டு வாசல்லயே திரும்பி ஓடிப்போச்சு” என்று அழுதாள் அம்மா.

என் முதல் ஜெபம் என்ன தெரியுமா? ‘ஆண்டவரே, போதகருக்கு இது தெரியவேண்டாம்.’ பிள்ளை காணோம், நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். சீ என்று இருக்கிறது.

அப்பா சைக்கிளில் ஒரு பக்கம் தேடப் போனார். நாங்கள் தெருத்தெருவாக அலைந்து, ஊருக்கு வெளியே கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கிணற்றுக்கு வந்தோம். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் அம்மாதான் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அங்கேயே முழங்கால் போட்டேன். “பழி என்மேல் இருக்கட்டும். என்னை ஊரே காறித் துப்பட்டும். பிள்ளையைக் கொடும் ஆண்டவரே.” அவள் அம்மா சிலுவையை அறியாதவள். என் பக்கத்தில் கைகூப்பி உட்கார்ந்து, “எனக்கும் சேத்து கேளுங்க” என்றாள்.

எழுந்தபோது மனதில் ஒன்றே ஓடியது: வீட்டுக்குள் பார்த்தோமா?

ஓடினோம். தறிக்குக் கீழே, நெய்பவர் கால் வைக்கும் குழிக்குள் கமலா சுருண்டு கிடந்தாள். எல்லாரும் வெளியே தேடப் போனதும் உள்ளே நுழைந்திருக்கிறாள். அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுப் போட்டு விரல் சிவந்திருந்தது. அப்பாவும் வந்து சேர்ந்தார். குறுக்கே நின்று, சொன்னது நான்தான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் அவள் விரல்களைப் பார்த்தார். “நல்லதா கேட்டீங்க. இருந்ததுலயே நல்லத குடுத்துச்சு. இதுக்கு எப்டி டீச்சர் அடிக்கறது?” என்று குனிந்து அவளைத் தூக்கினார். பிறகு என்னைப் பார்த்து, “அடுத்த வாட்டி எங்களயும் ஒரு வார்த்த கேளுங்க” என்றார். அந்த வார்த்தை எனக்கு வேண்டியதுதான்.

அவர் தோளில் இருந்தபடியே கமலா கேட்டாள்: “டீச்சர், சாமி திரும்பிப் பாத்தாரா?”

“நூல பாக்கல கண்ணு. ஒன்னத்தான் பாத்துகினு இருந்தாரு” என்றேன்.

போதகரிடம் நானே போய்ச் சொன்னேன். பயமுறுத்திப் பாடம் நடத்துவதை அன்றோடு விட்டேன். அந்தக் குற்றம் இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது, உறுத்தட்டும். உங்களில் யாராவது, தப்பு என்னுடையது, எந்த முகத்தோடு ஜெபிப்பது என்று ஒதுங்கி நிற்கிறீர்களா? இப்போதே கேளுங்கள். தப்பு முழுக்க என்னுடையதாக இருந்தும் அவர் என் ஜெபத்தைக் கேட்டார்.