பெண்கள் அணியைத் திட்டிய கதை

எங்கள் கால்பந்து கிளப்புக்குப் பெண்கள் அணி வேண்டுமா என்று கூட்டம் போட்டபோது, வேண்டும் என்று முதலில் எழுந்து பேசியவன் நான்தான். அப்படியிருந்தும் அந்த அணியின் கோல்கீப்பர் முதல் மூன்று மேட்ச் வரைக்கும் என்னை எதிரணிக்காரனைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். தப்பு அவள் மேல் இல்லை.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துக் கிளப் அது. மாவட்ட லீகில் ஆடுகிற ஆண்கள் அணி ஒன்று இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. தறி நெய்கிறவன், சாயம் போடுகிறவன், ஆட்டோ ஓட்டுகிறவன், காலேஜ் படிக்கிறவன் என்று எல்லோரும் கலந்த அணி. அரக்குக் கலர் ஜெர்சி, தோளில் பச்சைக் கோடு. மற்ற ஊர்க்காரர்கள் ‘புடவை டீம்’ என்று கிண்டல் செய்வார்கள். பெரிய கோப்பை எதுவும் வாங்கியதில்லை. ஆனாலும் மேட்ச் என்றால் மைதானத்துச் சுற்றுச்சுவர் மேல் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருப்போம். அத்தனை பேரிலும் பெரிய குரல் என்னுடையது. “டேய் எருமை, லெப்டுல ஆள் நிக்கிறான் பாரு!” “காலா அது, முருங்கைக்காயா?” ஒன்றரை மணி நேரம் இப்படியே விடாமல் கத்துவேன். பையன்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒருமுறை காய்ச்சலால் நான் போகாதபோது சென்டர் பார்வர்டு வீட்டுக்கே வந்து, “இன்னாண்ணா, நீ இல்லாம யாருக்கோ ஆடற மாதிரி இருந்துது” என்றான். இதைப் பத்து வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

மற்ற நேரத்தில் நான் ஒரு பட்டுப் புடவைக் கடையில் சேல்ஸ்மேன். அங்கே எனக்கு வேறு குரல். தேனில் நனைத்து எடுத்த குரல் என்று என் மனைவி சொல்வாள், பாராட்டாகச் சொல்வதில்லை. “இந்த மாம்பழக் கலர் உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்குதும்மா.” அறுபது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றுகூட எடுக்காமல் எழுந்து போகிற அம்மாவிடமும், “பரவாயில்லம்மா, அடுத்த தடவை கண்டிப்பா வாங்க” என்பேன். உள்ளே என்ன நினைப்பேன் என்பதை இங்கே எழுத முடியாது. மேட்செல்லாம் விடியற்காலையில் நடப்பதால் ஆறரைக்கு எருமை, ஒன்பதரைக்கு மாம்பழக் கலர் என்று எந்தச் சிக்கலும் இல்லாமல் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எங்கள் கோச் கூட்டம் கூட்டினார். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். எட்டு மாதமாகப் பதினாறு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வருவதாகவும், பெண்கள் லீகில் சேர கிளப்பின் பெயர் வேண்டும் என்றும் சொன்னார். சுவர்க் கூட்டம் முழுக்க வந்திருந்தது. ஜரிகை வியாபாரம் செய்யும் ஒருவர் எழுந்தார். ஆண்கள் அணியின் ஒரு மேட்சைக்கூட விடாதவர்.

“நம்ம பசங்களே போன வருஷம் கடைசிக்கு முந்தின எடம். இதுல பொண்ணுங்களும் போய்த் தோத்தா கிளப்பு பேரு இன்னா ஆவறது? மேட்ச பாக்க யாரு வருவாங்க சொல்லு?”

மைதானம் ஒன்றுதானே இருக்கிறது, யாருக்கு எந்த நேரம் என்று இன்னொருவர் கேட்டார். அவர்கள் சொன்னதில் பாதி எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எதிர்த்துப் பேசினால் கைதட்டல் கிடைக்கும் என்று தோன்றியது. எழுந்தேன்.

“காமாட்சி ஆளற ஊருபா இது! பொண்ணுங்க ஆடக் கூடாதுன்னு சொல்ல நாம யாரு?”

கைதட்டல் கிடைத்தது. தீர்மானமும் நிறைவேறியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் என் பேச்சை ஏற்ற இறக்கத்தோடு இரண்டாம் முறை நிகழ்த்தினேன்.

“அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தி பேராவது தெரியுமா?” என்றாள்.

தெரியாது.

“அப்பறம் காமாட்சிய ஏன் நடுவுல இழுத்தீங்க? அவளா பந்து ஆடப்போறா?”

முதல் மேட்சுக்குப் போனால் சுவர் காலியாக இருந்தது. கூட்டத்தில் எனக்குக் கைதட்டியவர்களில் ஒருவர்கூட இல்லை. ஆட்டக்காரப் பெண்களின் அப்பா அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தவிர நான். ஊரிலேயே முற்போக்கான ஆண் நான் ஒருவன்தான் என்று எனக்கு உறுதியாயிற்று. மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னால் ஆட்டம் தெரிகிற மாதிரி செல்பி எடுத்து, ‘நம் வீர மங்கைகள்’ என்று எழுதி கிளப் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். படத்தில் முக்கால் பங்கு என் முகம். மூலையில் ஒரு வீர மங்கையின் முழங்கை மட்டும் தெரிந்தது.

பிறகு கத்த ஆரம்பித்தேன். வாயைத் திறந்தால் கடைக் குரல் வந்தது.

“அருமைம்மா! சூப்பர்மா! பரவாயில்லம்மா, நிதானமா ஆடுங்கம்மா!”

பந்து கோட்டுக்கு வெளியே போனாலும் அருமை, காலுக்கடியில் நழுவினாலும் அருமை. ஐந்து கோல் வாங்கினார்கள். ஐந்தாவது கோல் விழுந்ததும், “நல்ல முயற்சிம்மா!” என்று கைதட்டினேன். முயற்சி செய்தது எதிரணி. அவர்களுடைய பயிற்சியாளர் என்னைத் திரும்பிப் பார்த்து மரியாதையாக வணக்கம் சொன்னார்.

அடுத்த இரண்டு மேட்சும் இதே கதைதான். மூன்றாவது மேட்ச் முடிந்ததும் கோல்கீப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டே நேராக என்னிடம் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அன்றைக்கு வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அப்படியே மைதானத்துக்கு வந்திருந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, எவ்வளவு அடக்கமாக அதை ஏற்றுக்கொள்வது என்று முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

“அண்ணா, நீங்க எங்க டீமா, அவங்க டீமா?”

“உங்க டீம்தாம்மா. ஏம்மா?”

“இன்னிக்கி மூணாவது கோல் என் தப்பு. நேரா கைக்கு வந்த பால விட்டேன். நீங்க கை தட்டினீங்க.”

“மனசு தளரக் கூடாதுன்னுதாம்மா…”

“நான் ஸ்கூல் படிக்கும்போது இதே சுவத்துல குந்திக்கினு உங்க மேட்ச் எல்லாம் பாத்திருக்கேன். பசங்கள இன்னாமா திட்டுவீங்க! சிரிச்சி சிரிச்சி வயிறு வலிக்கும். நமக்கும் ஒரு நாள் இவர் திட்டணும்னு நெனச்சேன். எங்ககிட்ட வந்தா புடவ காட்டற மாதிரி பேசறீங்க.”

அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நான் எந்தக் கடையில் வேலை செய்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று அதுவரை நான் யாரையும் கேட்டதில்லை.

திட்டச் சொல்லிவிட்டாள். எப்படித் திட்டுவது? ஆண்களுக்கு ‘டேய்’ இருக்கிறது. அதில் பாதி திட்டு, பாதி தோளில் கை போடுவது. பெண்களுக்கு அப்படி ஒரு சொல்லை நான் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ‘டி’ போட்டால் யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது கொஞ்சல், இல்லாவிட்டால் செருப்படி. நான் இரண்டாவது வகையில் வருகிறவன். ‘ம்மா’ போட்டால் திட்டுகிற சூடு வரவே வராது.

அடுத்த மேட்சில் துணிந்து பார்த்தேன். வலது பக்கம் ஆடும் பெண் ஆளில்லாத இடத்துக்குப் பந்தைத் தள்ளினாள். நான் எழுந்து நின்று, மூச்சை இழுத்து, “ஏய் எருமை…” என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாக்கள் ஒன்றாகத் திரும்பினார்கள். வாய் தானாகத் திருத்திக்கொண்டது.

“…ம்மா!”

எருமைம்மா. ஆட்டம் ஒரு நொடி நின்றது. ரெஃப்ரி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். அன்று முதல் அந்த அணிக்குள் என் பெயர் எருமைம்மா அண்ணன். கோச்சின் போனில்கூட என் நம்பரை அப்படித்தான் யாரோ பதிந்து வைத்திருக்கிறார்கள்.

அவமானத்தில் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். வாயை மூடியதால் கண் திறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இடது பக்கம் ஆடுகிற பெண்ணுக்கு வலது கால்தான் வாகு என்று ஐந்தாவது மேட்சில்தான் கவனித்தேன். தடுப்பாட்டத்தில் நிற்கிறவள் எதிராளியை விட்டுவிட்டுப் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கோல்கீப்பர் பந்தைச் சுத்தமாகப் பிடிப்பாள், ஆனால் கார்னர் கிக் என்றால் கோல் கோட்டை விட்டு வெளியே வரமாட்டாள். ஆண்கள் அணியில் யார் எந்தக் காலில் பூட்ஸ் முதலில் போடுவான் என்பதுவரை எனக்குத் தெரியும். திட்டுவதற்கு முதலில் ஆட்டத்தைப் பார்த்தாக வேண்டும். பாராட்ட எதையும் பார்க்கத் தேவையில்லை. நான் மூன்று மேட்ச் முழுக்கப் பார்த்தது என்னைத்தான்.

அதற்கடுத்தது உத்திரமேரூர் பக்கம் வெளியூர் மேட்ச். கடையில் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனேன். முதல் முறையாக எங்கள் அணி ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தது. கடைசிப் பத்து நிமிடம். எதிரணிக்குக் கார்னர். பந்து தொங்கிக்கொண்டு வருகிறது. யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், பிடிக்க வேண்டியவள் கோட்டின் மேல் நிற்கிறாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. எழுந்து நின்று கத்தினேன்.

“கோட்டுல கட்டியா வெச்சிருக்குது? வெளிய வாடி!”

பந்து வலைக்குள் போயிற்று. கோல்கீப்பர் எழுந்து என்னைப் பார்த்தாள்.

“நீ வந்து நில்லு இங்க!” என்று கத்தினாள். அண்ணாவும் இல்லை, நீங்களும் இல்லை.

எனக்கு ஒரு கணம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அடுத்த கணம் என் தோளைப் பிடித்து யாரோ திருப்பினார்கள். கோல்கீப்பரின் அம்மா. பட்டு நெசவுக்குத் தார் சுற்றுகிறவர். நாள் முழுக்க நூலோடு மல்லுக்கு நிற்கிற கை. பிடி இறுகியிருந்தது.

“யார வாடின்ற? எம் பொண்ண நானே அப்படி ரோட்ல நின்னு கூப்பிட்டதில்ல. நீ யாரு?”

ஆட்ட வேகத்தில் வந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். கடையில் யாராவது அப்படிச் சொன்னால் நானே நம்ப மாட்டேன். “தப்புதாம்மா, மன்னிச்சிடுங்க” என்றேன். இந்த முறை குரல் எந்தக் கடையிலிருந்தும் வரவில்லை. அவர் கையை எடுத்தார், ஆனால் சமாதானமாகவில்லை. மேட்ச் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

முடிந்ததும் கோல்கீப்பர் வந்தாள். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

“வெளிய வரலன்னு சொன்னது கரெக்ட். அது என் தப்பு” என்றாள். “வாடி வேணாம். எங்க அம்மா சும்மா இருக்க மாட்டாங்க, நானும் சும்மா இருக்க மாட்டேன். முதுகுல நம்பர் போட்டிருக்குதில்ல? நம்பர் சொல்லித் திட்டுங்க.”

“எருமை?”

“அத எருமைங்களுக்கு வெச்சிக்கோங்க.”

இப்படியாக ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. “ஒண்ணாம் நம்பர், தூங்கறியா?” “ஏழு, அந்தக் கால வீட்ல வெச்சிட்டு வந்தியா?” ஆரம்பத்தில் வாயில் சரியாக உட்காரவில்லை. இரண்டு மேட்சில் பழகிவிட்டது. ஏழாம் நம்பர் பெண் கோல் போட்டால் ஓடி வந்து என் முன்னால் நின்று காலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவாள்.

சிக்கல் ஆண்கள் அணியில் வந்தது. சாயப்பட்டறையில் வேலை செய்யும் எங்கள் நடுக்கள ஆட்டக்காரன் ஒரு நாள் கேட்டான்.

“இன்னாண்ணா, அவங்களுக்கு மரியாதையா நம்பரு, எங்களுக்கு மட்டும் எருமையா? எனக்கும் அம்மா இருக்குது.”

இருபது வருஷமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களுக்கும் நம்பர்தான் என்று ஆயிற்று. சுவர்க் கூட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. “மேட்ச் பாக்க வந்தமா, ரேஷன் கடையில டோக்கன் கூப்பிடறத கேக்க வந்தமா?” என்று ஜரிகைக்காரர் நொந்துகொண்டார். பெண்கள் மேட்சுக்கு அவர் இதுவரை இரண்டு முறை வந்திருக்கிறார். இரண்டு முறையும் சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். அவர் வீடு சின்ன காஞ்சிபுரத்தில். மைதானத்தைக் கடந்து போகிற மாதிரி அங்கே எந்த வழியும் இல்லை.

போன மாதம் ஒரே காலையில் இரண்டு அணிக்கும் இரண்டு ஊரில் மேட்ச் வந்தது. நான் பெண்கள் மேட்சுக்குப் போனேன். கொள்கைக்காகப் போனேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை என்னவென்றால், ஆண்கள் அணி லீகில் முதலிடத்தில் இருப்பவர்களோடு ஆடியது, உதை வாங்கப் போவது உறுதி. பெண்கள் ஜெயித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆண்கள் ஜெயித்துவிட்டார்கள். பெண்கள் ஒரு கோலில் தோற்றார்கள், அதுவும் கார்னரில்.

திரும்பி வரும் பஸ்ஸில் கோல்கீப்பரின் அம்மா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வாலாஜாபாத் தாண்டியதும் திரும்பினார்.

“ஏன்பா, அந்த கார்னர்ல என் பொண்ணு வெளிய வந்துட்டா இல்ல?”

“வந்துட்டாம்மா. கரெக்டா வந்தா.”

“அப்பறம் நாலாம் நம்பர் இன்னா பண்ணிக்கினு இருந்துச்சி? அத ஏன் நீ ஒரு வார்த்த கேக்கல?”

நான்காம் நம்பரின் அப்பா இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வந்து, அந்த இடத்தில் நிற்க வேண்டியது ஆறாம் நம்பர் என்றார். “இல்லை, நாலுதான்” என்றேன் நான். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகும் மூன்று பேரும் அதே இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். எனக்குக் கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.